ரெங்கசாமி, பதிப்பு 4.2

1997ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி காலை ஒன்பதேகால் மணிக்கு, கன்னையாவின் காலம் முடிந்துவிட்டது என்று அவருடைய கம்ப்யூட்டர் அறிவித்தது.

கன்னையாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இரத்த அழுத்தமும் கொஞ்சம் உண்டு. அறிவிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார். முடிந்தது தன்னுடைய காலம் அல்ல, தான் வைத்திருக்கும் 'குளோரிபிக்ஸ்' மென்பொருளின் மூன்றாம் பதிப்புடைய காலம் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில், ஒரு புடவைக்கடையின் மாடியில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் பிரிண்டரும் வாங்கினார். படத்தைத் திருத்துவதற்குக் குளோரிபிக்ஸ். அதை ஆசையாகவே கற்றுக்கொண்டார். கிழிந்த படத்தை ஒட்டலாம். பூஞ்சையைத் துடைக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைக்கலாம். மூன்றாம் பதிப்பு அவரிடம் எதுவும் பேசாது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும்.

அன்று காலை அவர் அச்சடிக்க உட்கார்ந்தது ரெங்கசாமியின் படத்தை.

ரெங்கசாமி பண்டமாரானைச் சேர்ந்தவர். துறைமுகத்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டியவர். முந்தைய செப்டம்பரில், கேண்டீனில் தேத்தண்ணீருக்கு வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து இறந்துபோனார். அவருடைய அடையாள அட்டையை இறப்புப் பதிவின்போது அதிகாரிகள் வாங்கிக்கொண்டார்கள். கல்யாண ஆல்பம் எப்போதோ வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகிவிட்டது. மிஞ்சியது கூட வேலை செய்தவர் ஒருவரிடம் இருந்த ஒரு படம்தான். துறைமுக விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்த எட்டுப் பேர். கடைசியில், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்பவர் ரெங்கசாமி. அவர் முகத்தில் பாதியைப் பூஞ்சை தின்றிருந்தது.

"செப்டம்பர் இருபதாம் தேதி திதி வருதுண்ணே. அதுக்குள்ள பெருசா ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. வீட்ல அவரு முகம்னு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர், ரெங்கசாமியின் மனைவி நல்லம்மாள்.

ரெங்கசாமி நின்ற ஓரத்தை மட்டும், பக்கத்து ஆளின் சட்டையோடு வெட்டியெடுத்து, மூன்று வாரம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகப் பூஞ்சையை எடுத்திருந்தார் கன்னையா. இடது கன்னத்தைப் பார்த்து வலது கன்னத்தைக் கட்டினார். வேலை பாதியில் இருந்தபோது ஒருநாள் நல்லம்மாள் வந்து திரையைப் பார்த்தார். "பல்லு தெரியுது" என்று மட்டும் சொன்னார். பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றார். கன்னையா தம் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டைக் கேட்டதில்லை.

இப்போது படம் தயார். காலம்தான் முடிந்துவிட்டது.

குளோரிபிக்ஸின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. கன்னையா கொமூட்டர் ரயிலில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து நடந்து போய்ச் சேர்ந்தார். கவுன்ட்டரில் மெய்யம்மை என்ற பெண் இருந்தார். நான்காம் பதிப்புக்கு மாறலாம், ஆனால் பழைய சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றார். சாவி என்பது கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. அது இல்லாமல் மென்பொருள் திறக்காது.

"குடுத்துட்டுப் போயிரட்டுமா?" என்றார் கன்னையா.

"இல்ல அங்கிள், செரமனி இருக்கு. உட்காருங்க."

அரைமணி நேரத்தில் வட்டாரப் படத்தர மேலாளர் திரு. காசிவிஸ்வநாதன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி வந்தார். உயரமான மனிதர், நல்ல கறுப்பு. அவர் சட்டைப்பையில் மாட்டியிருந்த அடையாள அட்டையில் வெளிர் நிறத்தில் வேறொருவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு சின்னத் துளைபோடும் இயந்திரம். சாவியை ஒரு வெல்வெட் துணியில் வைக்கச் சொன்னார்கள். கன்னையா வைத்தார். எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

"மிஸ்டர் கன்னையா, நீங்க இன்னைக்கு ஒரு சோப்ட்வேரை விடல, ஒரு பழக்கத்தை விடுறீங்க" என்று தொடங்கினார் காசிவிஸ்வநாதன். "படத்தை மனுசன் திருத்துறது பழைய காலம். வெர்ஷன் ஃபோர்ல படத்துக்கே தெரியும், அது எப்படி இருக்கணும்னு. உங்க வேலை, குறுக்கே வராம இருக்கிறது. எங்க கஸ்டமர்ல தொண்ணூத்தெட்டு பர்சென்ட் எங்களை விட்டுப் போகல. ஏன்? போக முடியாது. அதுதான் சார் எங்க சர்வீஸோட பலம்."

மெய்யம்மை கைதட்டினார். கன்னையாவும் தட்டினார். இயந்திரம் சாவியில் ஒரு துளை போட்டது. துளைபோட்ட சாவியை நினைவுப் பரிசாக அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஸ்டூடியோவில் நான்காம் பதிப்பில் ரெங்கசாமியின் படத்தைத் திறந்தார். திரையில் ஒரு பட்டை ஓடியது. 'பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன: 1. திருத்தப்பட்டது' என்று வந்தது. கன்னையா பயந்துபோய்ப் பார்த்தார். பூஞ்சை இல்லை. கயிறு இருந்தது. பல் இருந்தது. ரெங்கசாமியைத்தான் காணவில்லை. அவர் இருந்த இடத்தில் கோதுமை நிறத்தில் ஒருவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

மென்பொருள் கண்டுபிடித்த அந்த ஒரு பிழை ரெங்கசாமியின் நிறம்.

கன்னையா பதறாமல் தூரிகையை எடுத்து முகத்தை மறுபடி கறுப்பாக்கினார். ஒரு மணி நேரம் ஆனது. சேமித்தார். சேமிக்கும்போது மென்பொருள் மறுபடி வெளுக்க வைத்தது. சேமிக்காமல் அச்சடிக்கலாம் என்று பார்த்தால், சேமிக்காத படத்தை அது அச்சடிக்காது. பழைய கோப்பையும் திறந்த வேகத்திலேயே தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. மூன்று வார வேலை அந்த வெள்ளை முகத்துக்கு அடியில் போய்விட்டது.

வேறு வழி தேடினார். முகத்தைக் கறுப்பாக்கி, சேமிக்காமல், திரையையே தன் கேமராவால் படம் எடுத்தார். கழுவிப் பார்த்தபோது முகத்தின் மீது மேலிருந்து கீழாகக் கம்பி கம்பியாகக் கோடுகள் விழுந்திருந்தன.

நல்லம்மாள் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். முதலில் வெள்ளைப் படம்.

"யாருண்ணே இது?"

கன்னையா கோடு விழுந்த படத்தை நீட்டினார்.

"இது அவருதான்" என்றார் நல்லம்மாள். படத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, "ஆனா அவரு ஒருநாளும் ஜெயிலுக்குப் போனதில்லண்ணே" என்றார்.

"கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லியிருக்கேம்மா. சரி பண்ணிருவாங்க."

கம்பெனிக்காரர்களிடம் அவர் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலைதான் தொலைபேசியில் கூப்பிட்டார். பதிவுசெய்த குரல் ஒன்று, அவருடைய அழைப்பு முக்கியமானது என்று இருபத்தைந்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் கன்னையாவை மேலும் கலங்கடித்தது, மற்றவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்ததுதான். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா, "இவ்வளவு நாளா எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தத் திறமையை?" என்றார். மாப்பிள்ளை தன் படத்தைத் தேடி ஐந்து நிமிடம் புரட்டினார். கண்டுபிடித்ததும் அவருக்கும் பிடித்துப்போயிற்று.

ஸ்டூடியோ கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் மனைவி தனலெட்சுமி ஒருநாள் தன்னையே ஒரு படம் எடுக்கச் சொன்னார். அச்சடித்துக் கையில் கொடுத்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இருவது வருசமா எத்தனை படம் எடுத்திருக்கீங்க என்னைய. ஒண்ணுலகூட இப்படி வந்ததில்ல."

"அது நீ இல்ல தனம்."

"அதான் சொல்றேன்" என்றார் தனலெட்சுமி. படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் கோயில் ஒன்றின் கும்பாபிஷேக மலருக்குப் படம் எடுத்தார். கருவறைப் பிள்ளையார் கருங்கல். எண்ணெய் பூசிப் பூசிப் பளபளவென்று இருப்பார். மலரில் அவர் கடைந்தெடுத்த வெண்ணெய் மாதிரி வந்தார். ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது. கோயில் தலைவர் இரண்டு செயலவையினரோடு மாடியேறி வந்தார்.

"பக்தருங்க கேக்கறாங்கய்யா, பழைய சாமியை எங்க வித்தீங்கன்னு!"

கோயில் தலைவர் சும்மா இருப்பவர் அல்ல. தலைமையகத்துக்கே கடிதம் எழுதினார். மூன்றே நாளில் பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரம், கன்னையாவின் நான்காம் பதிப்பு காலாவதியாகி, 4.1 கட்டாயமாயிற்று. மறுபடி ரயில், மறுபடி வெல்வெட் துணி, எழுந்து நிற்றல், கைதட்டல், துளை. ஆனால் 4.1இல் பிள்ளையார் கறுப்பாகவே வந்தார். கன்னையாவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. ஓடிப்போய் ரெங்கசாமியைத் திறந்தார். ரெங்கசாமி கோதுமை நிறத்திலேயே இருந்தார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். கட்டட வாசலில் ஒரு சின்னக் கூட்டம். காவலாளி ஒருவரை உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தார். மறுக்கப்பட்டவர் காசிவிஸ்வநாதன்.

"இந்த அட்டையில இருக்கறவரு வேற ஆளு" என்று காவலாளி மலாயில் பொறுமையாக விளக்கினார். அவர் வேலைக்குப் புதிது.

"அது நான்தான். இதுதான் ஸ்டாண்டர்ட் படம். இதுக்கு ஏத்த மாதிரி நீ பார்க்கணும்" என்றார் காசிவிஸ்வநாதன். காவலாளி எவ்வளவோ முயன்று பார்த்தார். கடைசியில் மெய்யம்மை இறங்கிவந்து கையெழுத்துப் போட்டு அவரை மேலே அழைத்துப்போனார். கன்னையாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் அட்டை இல்லை.

அறைக்குள் கன்னையா விஷயத்தைச் சொன்னார். அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் ஊரெங்கும் புகைமூட்டம் பிடித்துக்கொண்ட சமயம் அது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடம் இருந்த இடம் தெரியவில்லை. காசிவிஸ்வநாதன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தெளிவைப் பற்றிப் பேசினார்.

"க்ளாரிட்டி சார். எல்லாமே க்ளாரிட்டிதான். சிஸ்டம் லட்சக்கணக்கான முகத்தைப் படிச்சிருக்கு. அதும்படி பார்த்தா அவ்வளவு கறுப்பு யாரும் இல்ல. இருட்டுல எடுத்த படம்னுதான் அது முடிவு பண்ணும்."

"நடுப்பகல்ல, திடல்ல எடுத்த படம் சார். பக்கத்துல நிக்கிறவரு சட்டையைப் பாருங்க, வெளிச்சம் கண்ணைக் கூசுது."

"சட்டையில பிழை இல்லை. அதான் சிஸ்டம் சட்டையைத் தொடல."

"பிள்ளையாரைச் சரி பண்ணிட்டீங்களே சார்?"

"கல்லுக்கு எக்ஸெம்ப்ஷன் குடுத்தாச்சு. கல்லு கறுப்பா இருக்கலாம்." காசிவிஸ்வநாதன் முன்னால் சாய்ந்து, உதவத் தயாராக இருப்பவர் குரலில் கேட்டார். "உங்க கஸ்டமர் கல்லா?"

கன்னையா யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். அதைச் சொன்ன பிறகு, ஆமாம் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

"அப்ப போரம் செவன்-சி போடுங்க. இருண்ட முகத்துக்கான விதிவிலக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அதனால ப்ராஸஸ் ரொம்ப ஸ்மூத்தா இருக்கும்."

படிவம் ஒன்பது பக்கம். சம்பந்தப்பட்டவர் உண்மையிலேயே அந்த நிறம்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். புகைப்படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது, ஏனென்றால் தகராறே புகைப்படத்தைப் பற்றித்தான். இறப்புச் சான்றிதழில் பெயர், வயது, காரணம் எல்லாம் இருந்தன, நிறம் இல்லை. சம்பந்தப்பட்டவர் நேரில் வருவது நல்லது என்று ஒரு குறிப்பு இருந்தது. வர இயலாவிட்டால், அவரை நன்கு அறிந்த ஒருவர் படத்தரக் குழுவின் முன் வாக்குமூலம் தரலாம்.

செப்டம்பர் எட்டாம் தேதி, கன்னையா நல்லம்மாளை அழைத்துக்கொண்டு போனார். நல்லம்மாள் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலை செய்பவர். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகும் சேலையை உடுத்திக்கொண்டு, மூக்கை மறைக்கும் துணியோடு வந்திருந்தார்.

குழுவில் மூன்று நாற்காலி. ஒன்றில் காசிவிஸ்வநாதன். இன்னொன்றில் குறிப்பெடுக்க மெய்யம்மை. மூன்றாவதில் ஆள் இல்லை, ஒரு தொலைபேசி மட்டும் ஒலிபெருக்கியோடு வைக்கப்பட்டிருந்தது. அது வெளிநாட்டுத் தலைமையகம். விசாரணை முழுவதும் அதிலிருந்து பியானோ இசை வந்துகொண்டிருந்தது. அவ்வப்போது காசிவிஸ்வநாதன் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

"உங்க கணவர் எவ்வளவு காலமா கறுப்பா இருந்தாரு?"

நல்லம்மாள் கன்னையாவைப் பார்த்தார். கன்னையா, சொல்லுங்கம்மா என்பதுபோலத் தலையசைத்தார்.

"எனக்குக் கட்டிக் குடுத்து இருவத்திரெண்டு வருசம் சார். அப்போதிலேர்ந்து கறுப்புத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எனக்கு அவரைத் தெரியாது."

"எழுதிக்குங்க" என்றார் காசிவிஸ்வநாதன். "ஆரம்ப நிறம் உறுதிசெய்யப்படவில்லை." பிறகு நல்லம்மாள் பக்கம் திரும்பினார். "துறைமுகத்துல வெயில்ல வேலை. ஒருவேளை அது தற்காலிகக் கறுப்பா இருக்கலாமில்லையா? ரிட்டயர் ஆன பிறகு மாறியிருக்கலாம்லா?"

"சாமி அவரை ரிட்டயர் ஆக விடலியே சார்."

பியானோ கொஞ்ச நேரம் வாசித்தது.

அடுத்து நிற அட்டைகள். சீட்டுக்கட்டு மாதிரி பன்னிரண்டு அட்டைகளை மேசையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். உலகத்தில் உள்ள மனித நிறங்கள் எல்லாம் அவற்றுக்குள் அடக்கம் என்று காசிவிஸ்வநாதன் சொன்னார். முதல் அட்டை பால் மாதிரி இருந்தது. கடைசி அட்டையின் பெயர் 'அந்தித் தேன்'. அது கொஞ்சம் கூடுதலாக வறுத்த முந்திரிப்பருப்பின் நிறம்.

நல்லம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறதா என்று தேடினார். பிறகு, அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காசிவிஸ்வநாதனின் கையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இந்தா, இந்தக் கை மாதிரி சார். இதே கலர்தான்."

மெய்யம்மையின் பேனா நின்றுவிட்டது. காசிவிஸ்வநாதன் மெதுவாகக் கையை இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டாஃபோட உறுப்புங்களை ரெஃபரன்ஸா எடுத்துக்க முடியாதும்மா. பாலிசி."

"இல்ல சார், நான் தப்பா சொல்லல. அவரு உங்களை மாதிரிதான் நல்லா லட்சணமா..."

"கார்டுல சொல்லுங்க" என்றார் காசிவிஸ்வநாதன். அவருடைய குரல் முதல் தடவையாக மேலாளருடையதாக இல்லை. அது எங்கோ பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனுடையதாக இருந்தது. ஆனால் அது ஒரு நொடிதான். உடனே அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "எங்க குறிக்கோள் யாரையும் மாத்தறது இல்லம்மா. எல்லாரும் எப்படி இருக்க ஆசைப்பட்டாங்களோ, அப்படிக் காட்டறது. மனுச முகத்துக்கு யாரும் கம்ப்ளெய்ன் பண்ணலையே. நீங்கதான் மொத ஆளு."

நல்லம்மாள் எந்த அட்டையையும் எடுக்கவில்லை. 'விண்ணப்பதாரர் நிறத்தைக் குறிப்பிடத் தவறினார்' என்று எழுதப்பட்டது. பரிசீலித்துக் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். அத்துடன், அன்று காலை முதல் 4.1 காலாவதியாகிவிட்டதால் 4.2க்கு மாறிக்கொள்ளும்படி கன்னையாவிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுந்து நின்றார். துளை போட்டார்கள்.

படியிறங்கும்போது மெய்யம்மை பின்னாலேயே வந்து நல்லம்மாளின் குடையை நீட்டினார். அவர் மறந்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கப்பா படத்தையும் இதுலதான் போட்டேன்க்கா" என்றார் மெய்யம்மை, மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு. "ஸ்டாஃபுக்கு ஃப்ரீ. ரொம்ப நல்லா வந்துச்சு. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினேன். அம்மா இப்பல்லாம் ஹாலுக்கே வர்றதில்ல. அடுப்படியிலயே உட்காந்துக்கறாங்க."

நல்லம்மாள் குடையை வாங்கிக்கொண்டார்.

கடிதம் வரவில்லை. பத்தொன்பதாம் தேதி வரை கன்னையா தினமும் தபால்காரருக்காகக் கீழே இறங்கிப்போய் நின்றார். 4.2இல் ரெங்கசாமி இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தார். இப்போது அது பற்களிலும் பிழை கண்டுபிடித்து வரிசைப்படுத்தியிருந்தது. இருபதாம் தேதி காலை, வேறு வழியில்லாமல், அந்தப் படத்தையே பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுப் பண்டமாரானுக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு போவதா, இதைக் கொண்டுபோவதா என்று வழியெல்லாம் யோசித்தார். எதைச் செய்தாலும் தவறு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நல்லம்மாள் படத்தை வாங்கினார். பொட்டு வைத்து, மாலை போட்டு, கிழக்குச் சுவரோரம் முக்காலியில் வைத்தார். இலை போட்டு அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பை நடுவில் வைத்தார். சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியாக வந்தவர் ரெங்கசாமியின் அண்ணன் அய்யாவு. கண்புரை உள்ளவர். படத்துக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"துறைமுக மேனேஜர் படத்தைப் பெருசா வச்சிருக்கீங்க, சரி. தம்பி படம் எங்க?"

யாரோ அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். கன்னையா சாப்பிட உட்காரவில்லை. கொல்லைப்புறத்தில், புகையில் காகம் வருகிறதா என்று நல்லம்மாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இருபத்துமூன்றாம் தேதி கடிதம் வந்தது. உறைக்குள் இரண்டு தாள்கள். முதல் தாளில் வாழ்த்து. வட்டார வரலாற்றிலேயே முதன்முறையாக, காலஞ்சென்ற ரெங்கசாமிக்கு அவருடைய சொந்த நிறத்தில் தோன்ற அனுமதி வழங்கப்பட்டிருந்தது. பதினாறு எழுத்துக் குறியீடு ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அது பதிப்பு 4.2இல் மட்டும் செல்லும். இரண்டாம் தாளில், பதிப்பு 4.2 இருபத்திரண்டாம் தேதியோடு காலாவதியாகிவிட்டது என்றும், ஐந்தாம் பதிப்பை வரவேற்க எழுந்து நிற்கும்படியும் எழுதியிருந்தது.

கன்னையா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய அழைப்பு முக்கியமானது என்று சொன்னார்கள். பதினைந்து நிமிடம் கேட்டுவிட்டு வைத்தார். பிறகு ரயிலேறிப் போய் ஐந்தாம் பதிப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு நான்கு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நல்லம்மாள் மாடியேறி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று கன்னையா நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தனலெட்சுமி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றார் கன்னையா.

"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. நீங்களும் அலைஞ்சீங்க." நல்லம்மாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்குக் காக்கா ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு. நண்டைத்தான் மொதல்ல எடுத்துச்சு. ஆனா எனக்குத்தான் மனசு கேக்கல. சோறு அவருக்குத்தான் போய்ச் சேந்துச்சா, இல்ல முக்காலியில இருந்தவருக்குப் போச்சான்னு தெரியல."

கன்னையா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"திதி முடிஞ்சு சுவத்துல மாட்டிட்டாங்க. எறக்கி வச்சிரலாம்னு பார்த்தேன். முடியல. யாரா இருந்தாலும் மாலை போட்டாச்சு. சாம்பிராணி காட்டியாச்சு. இப்ப அவரு பாட்டுக்குச் சுவத்துல இருக்காரு, யாரோ ஒருத்தரு வந்து தங்கியிருக்கற மாதிரி. நான் எதிர்ல போய் உட்கார்ந்தா, வெளியாள் முன்னால உட்கார்ந்த மாதிரி கூச்சமா இருக்கு. அதான் ஒண்ணு யோசிச்சேன்."

"சொல்லுங்கம்மா."

"என்னையும் அதுல ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க. அதே மாதிரி. அவரு பக்கத்துல மாட்டிடறேன். அப்பவாச்சும் வர்றவங்களுக்கு ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டின்னு தெரியும்ல."

தனலெட்சுமி அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டார். உள்ளே அடுப்பு எரியவில்லை.

கன்னையா எழுந்து விளக்குகளைப் போட்டார். ஸ்டூலை நீலத்திரைக்கு முன்னால் நகர்த்தினார். நல்லம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார். பிறகு ஒருமுறை சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"பவுடர் போட்டுக்கணுமாண்ணே?"

கன்னையா கேமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

"வேணாம்மா" என்றார். "அதுவே போட்டுக்கும்."